எலுமிச்சம்பழம் அறுத்ததும் கன்ட்ரோல் பாஸ் ஆச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

ஞாயிறு டூட்டி
ஞாயிறு, இரவு 9.10

டெல்டா பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப். ஞாயித்துக்கிழமைன்னா நானும் சீனியர் அண்ணனும் மட்டும்தான். வெளியில ஆடி ஞாயிறு, கூழ் ஊத்துற இடத்துல மைக் செட் அலறுது. இன்னிக்கு நடந்ததை அப்படியே எழுதுறேன். அடிச்சுக்காம பேசுங்க.

அண்ணன் ஆறரைக்கே வந்து எல்லாத்தையும் எடுத்து வெச்சிருந்தார். நான் போகும்போது ஏழே முக்கால். முதல் வேலை கன்ட்ரோல் ஓட்டுறது. லேப் பக்கமே வராதவங்களுக்காக: நோயாளி ரத்தத்தை வைக்கிறதுக்கு முன்னாடி, விடை ஏற்கனவே தெரிஞ்ச ஒரு சீரத்தை வெச்சு மெஷின் சரியா சொல்லுதான்னு பார்ப்போம். வாத்தியாருக்கே பரீட்சை மாதிரி. சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் எல்லாம் அழகா வந்துச்சு. பிலிருபின் (காமாலைல ரத்தத்துல ஏறுற மஞ்சள் பொருள்) மட்டும் மக்கர். வர வேண்டியது 4.8, ஒரு எஸ்.டி. (வழக்கமா கூடக் குறைய ஆடுற அளவு) 0.2. வந்தது 3.9. திரும்ப ஓட்டினேன், 3.9. மூணாவது தடவை 3.8.

மேல பச்சைக் குழந்தை வார்டுலேர்ந்து போன் மேல போன். பிறந்து மூணு நாள், மஞ்சள் காமாலை, ரத்தம் எங்க கைல இருக்கு. "அண்ணே, ஃபேக்டரை ஏத்திடலாமா?"ன்னு கேட்டேன். மெஷின் விடையைப் பெருக்குற எண் அது, ஏத்தினா விடையும் ஏறும். முறைச்சார் பாருங்க. "அது பாவம்டா"ன்னுட்டு மேஜை இழுப்பறைலேர்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். மெஷினை மூணு சுத்து சுத்தி, அறுத்து, குங்குமம் தடவிப் பிழிஞ்சார். சாறு தெறிச்சு நேரா கன்ட்ரோல் கப்புலயே விழுந்துச்சு. சரி போ, புதுசா கரைன்னார். கன்ட்ரோல் பொடி இருக்கிற புதுக் குப்பி, 5 மில்லி டிஸ்டில்டு வாட்டர், அரை மணி நேரம் மெதுவா உருட்டி வெச்சு ஓட்டினா 4.8. குழந்தைக்கு 14.1. ரிசல்ட் மேல போயிடுச்சு. அண்ணன் கன்னத்துல போட்டுக்கிட்டார்.

மிச்ச நாளும் இதே கதைதான். பத்து மணிக்கு ஒரு ஆயா, வெறும் வயித்து சர்க்கரை டெஸ்ட். 188. "என்ன சாப்பிட்டீங்க?"ன்னா, "பச்சத் தண்ணி பல்லுல படல". கூட வந்த பேத்தி, "கோயில்ல சக்கரப் பொங்கல் சாப்பிட்டியே ஆயா". "அது பிரசாதம்டி. அது சாப்பாடா?"

சாயங்காலம் நாளைய ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வந்த ரெண்டு பேர் நாலரைலேர்ந்து டீக்கடைல நின்னாங்க. ராகு காலம் முடிஞ்சு ஆறு அஞ்சுக்கு உள்ளே வந்தாங்க.

கேள்வி ஒண்ணுதான். பழம் வேலை செஞ்சுதா இல்லையா?

கறுப்புப் பேனா
ஞாயிறு, இரவு 9.26

புதுக் குப்பி. வழக்கு முடிந்தது.

கொஞ்சம் விளக்குகிறேன், பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுப்பவன் என்பதால் வாய் சும்மா இருக்காது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினீர்கள்: பழம் ஒன்று, குப்பி ஒன்று. பலன் வந்ததும் பழத்துக்கு மாலை போடுகிறீர்கள். குப்பி என்ன பாவம் செய்தது? அடுத்த முறை குப்பியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு பழத்தை மட்டும் அறுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பாடம் இது.

அப்புறம் அந்த டீக்கடைக்காரர்கள். ராகு காலம் என்பது சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவே எட்டில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைந்தால்தான் அது 4.30 முதல் 6. ஆடி மாதத்தில் உங்கள் ஊரில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் மறைகிறது. அப்படியானால் ராகு காலம் ஐந்துக்கு மேல் தொடங்கி ஆறரை தாண்டித்தான் முடியும். ஆறு அஞ்சுக்கு உள்ளே வந்தவர்கள் சாஸ்திரப்படியே நட்ட நடு ராகு காலத்தில் ஊசி குத்திக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லையே?

சிவமயம் 61
ஞாயிறு, இரவு 9.48

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ராகு காலத்தை வைத்து எங்களை மடக்கலாம் என்று பார்க்கிறீர்கள், நடக்காது. அதை நானே பார்ப்பதில்லை. வேதாரண்யத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பின சம்பந்தரை, கோள்கள் சரியில்லை என்று அப்பர் தடுத்ததாகத்தான் வரலாறு. சம்பந்தர் என்ன செய்தார்? டீக்கடையில் நின்றாரா? ஏழு கிழமைக்காரர்களையும் இரண்டு பாம்பையும் வரிசையாகப் பேர் சொல்லி, அடியார்க்கு எல்லாரும் நல்லவர்களே என்று கோளறு பதிகம் பாடிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அந்தப் பதிகத்தையும் படித்துவிட்டு ராகு காலமும் பார்ப்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

ஆனால் எலுமிச்சை வேறு. தம்பி எழுதினதை நிதானமாகப் படியுங்கள். பழம் பிழிந்தார், சாறு விழுந்தது, அதனால்தான் புதுக் குப்பி. பழம் இல்லையென்றால் இந்தத் தம்பி என்ன செய்திருப்பார்? அவரே எழுதியிருக்கிறார்: ஃபேக்டரை ஏற்றியிருப்பார். விஞ்ஞானம் படித்தவர் பொய்க்கணக்கு எழுதப் பார்த்தார், பழம் அறுத்தவர் "பாவம்" என்று தடுத்தார்.

இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

கறுப்புப் பேனா
ஞாயிறு, இரவு 9.55

கால் இடறிக் குடத்தை உடைத்தவன் தண்ணீர் பட்டு அடுப்பு நெருப்பு அணைந்தது. அதற்காகக் கால் இடறுவதைத் தீயணைப்பு முறை என்று எழுதி வைப்பீர்களா ஐயா?

மற்றபடி அந்த சீனியரின் நேர்மைக்கு என் வணக்கம். அது அவருடைய குணம். பழத்தின் குணம் புளிப்பு.

மெஷின் டாக்டர்
ஞாயிறு, இரவு 10.20

நான் இந்த மெஷினுங்களுக்கு சர்வீஸ் பாக்கிறவன். ஞாயித்துக்கிழமை வர்ற போனை எடுக்கலாமா வேணாமான்னு பூ போட்டுப் பார்க்கிற ஆளு.

மூடியைத் திறந்தா உள்ள குங்குமம். ஃபேன்ல குங்குமம். ஒரு இடத்துல ஆயுத பூஜைக்கு மெஷின் தலைமேல பொங்கல் வெச்சு, எறும்பு போர்டு வரைக்கும் போயிருந்துச்சு. நான் சாமி கும்பிடுறவன்தான், பழனிக்கு வருஷா வருஷம் நடக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன்: குங்குமம் எப்படிப் பண்றாங்க? மஞ்சளோட சுண்ணாம்பு. சுண்ணாம்புன்னா கால்சியம். அது சாம்பிள் கப்புல விழுந்தா கால்சியம் ரிசல்ட் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. பொட்டு வைங்க, வேணாங்கல. வெளிப்பக்கம், மூடியில, சின்னதா. ரியேஜென்ட் (டெஸ்ட்டுக்கு ஊத்துற மருந்து) தட்டு பக்கம் கொண்டு வராதீங்க.

பிலிருபின் குறைஞ்சதுக்கு மெஷினுக்குள்ள அளக்கிற லேம்ப் போயிருக்கும்னு நினைக்கிறேன். எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க.

பழைய நுண்ணோக்கி
ஞாயிறு, இரவு 10.41

அரசு ஆஸ்பத்திரி லேபில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். எலுமிச்சைச் சண்டையை நீங்கள் தொடருங்கள். எனக்குத் தம்பியிடம் ஒரு கேள்வி.

ஒரே கப்பை ஏன் மூன்று தடவை ஓட்டினாய்?

பதில் எனக்குத் தெரியும், நானும் ஓட்டியிருக்கிறேன். இந்தத் தடவையாவது வந்துவிடாதா என்றுதானே? அதற்குப் பேர் வேண்டுதல். அண்ணன் கையில் பழம், உன் கையில் ஸ்டார்ட் பட்டன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒழுங்காக இருக்கிற மெஷினிலும் இருபதில் ஒரு தடவை கன்ட்ரோல் இரண்டு எஸ்.டி.க்கு வெளியே போகும். அது இயற்கை. நீ இருபது டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு லெவல் கன்ட்ரோல் (அளவு குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று) ஓட்டுகிறாய் என்றால் நாற்பது புள்ளி. சராசரியாகத் தினமும் இரண்டு புள்ளி காரணமே இல்லாமல் வெளியே நிற்கும். திரும்ப ஓட்டினால் உள்ளே வந்துவிடும். பழம் அறுத்துவிட்டு ஓட்டினாலும் வரும், டீ குடித்துவிட்டு ஓட்டினாலும் வரும். ஊர் ஊராக லேபில் எலுமிச்சைக்குக் கிடைத்திருக்கும் பேரும் புகழும் இந்த இருபதில் ஒன்றால்தான். இதைப் பிரிக்கத்தான் வெஸ்ட்கார்ட் என்ற அமெரிக்க லேப் நிபுணர் 1981-இல் விதி போட்டார்: இரண்டு எஸ்.டி. தாண்டினால் எச்சரிக்கை, மூன்று தாண்டினால் நிறுத்து.

உன் 3.9 எத்தனை எஸ்.டி.? கணக்குப் போடு. நாலரை. அது இயற்கையின் விளையாட்டு இல்லை. அந்தக் கப்பில் நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறது. வாத்தியார் ஐயா "புதுக் குப்பி, வழக்கு முடிந்தது" என்றார். எனக்கு அங்கேதான் வழக்கு தொடங்குகிறது. பழைய குப்பிக்கு என்ன ஆச்சு?

மெஷின் டாக்டர் தம்பிக்கு: லேம்ப் போயிருந்தால் புதுக் குப்பி மட்டும் எப்படி 4.8 காட்டும்?

மெஷின் டாக்டர்
ஞாயிறு, இரவு 10.44

அட ஆமா மேடம். வாபஸ்.

நைட் சிஸ்டர்
திங்கள், அதிகாலை 2.15

நைட் டூட்டி, வார்டு இப்போதான் அடங்கிச்சு. காலையில் பூசைக்குப் போயிட்டு வந்து தூங்கலாம்னு இருந்தேன், ஆள் வரல, பகல்லயும் நின்னேன். ஞாயிறு எங்க ஆண்டவர் நாள்னு சொல்லுவோம். அந்த நாள்ல கோயிலுக்குப் போகாம மூத்திரப் பை மாத்திக்கிட்டு இருந்தேன். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்னு சாமியார் சொன்னார். சூப்பரின்டெண்ட் மேடம் கோவிச்சுக்குவாங்க.

குழந்தை பத்தி யாருமே பேசலையே. நாங்க மேல நின்னு போன் பண்றப்ப உங்க லேப்ல பழம் சுத்துறாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் கீழயே வந்திருப்பேன். அந்த ஃபேக்டரை ஏத்தியிருந்தா 14.1 எவ்வளவா வந்திருக்கும் தம்பி?

ஞாயிறு டூட்டி
திங்கள், காலை 6.50

சிஸ்டர், 3.9-ஐ 4.8 ஆக்கணும்னா 1.23-ஆல பெருக்கணும். 17.3 வந்திருக்கும். நேத்து கேட்டப்ப இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கல. இப்ப போட்டதுல காலைக் காபி இறங்கல.

சிவமயம் 61
திங்கள், காலை 7.30

மனசாட்சியோடு எழுதினீர்கள் தம்பி, அது போதும்.

சிஸ்டர் சொன்ன ஞாயிறு விஷயத்துக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு உங்கள் நாள் மட்டுமில்லை அம்மா, எங்கள் சூரியனின் நாளும்தான். வாரக் கிழமையைக் கண்டுபிடித்ததே நம் ரிஷிகள்.

கறுப்புப் பேனா
திங்கள், காலை 7.52

ரிஷிகளை விடுங்கள் ஐயா. நம் நாட்டில் தேதியோடு கிழமை போட்ட மிகப் பழைய கல்வெட்டாகச் சொல்லப்படுவது மத்தியப் பிரதேசத்து ஏரணில் இருக்கும் குப்த மன்னன் புதகுப்தன் காலத்துத் தூண், பொ.ஆ. 484. ஒரு வியாழக்கிழமை. அதற்கு முன்பே ரோமாபுரியில் கிழமைகள் புழக்கத்தில் இருந்தன.

கிழமைகளின் வரிசை வந்த விதம் சுவாரசியமானது. மெதுவாக நகர்வதிலிருந்து வேகமானது வரை கோள்களை அடுக்கினார்கள்: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் பொறுப்பு, முதல் மணிக்காரர் பேர்தான் அந்த நாளுக்கு. இருபத்து நான்கை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. ஆக சனியில் தொடங்கின நாளுக்கு அடுத்த நாள் மூன்று தள்ளி, சூரியன். அதற்கு மூன்று தள்ளி, சந்திரன். இப்படியே ஏழும். பூமியைச் சூரியன் சுற்றுகிறது என்று நம்பிப் போட்ட டூட்டி சார்ட் அது. கோப்பர்நிக்கஸ் வந்தும் சார்ட்டை யாரும் மாற்றவில்லை.

ஞாயிறு விடுமுறையையும் எந்தச் சாமியும் கொடுக்கவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890-இல் வாங்கியது.

நைட் சிஸ்டர்
திங்கள், காலை 8.05

வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி. எங்க வார்டுக்கு இன்னும் வந்து சேரல.

ஞாயிறு டூட்டி
திங்கள், பிற்பகல் 1.40

மேடம் கேட்ட கேள்வி மண்டைல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அண்ணன்கிட்ட கேட்டேன். "நேத்து அந்தக் கப்பை எங்க வெச்சிருந்தீங்க?" "எப்பவும் வைக்கிற இடத்துலதான்டா. பிள்ளையார் முன்னாடி."

மத்த நாள்ல நான் மத்தியான ஷிப்ட், ஞாயிறுலயும் அண்ணனுக்கு அப்புறம்தான் வருவேன். அதனால இது எனக்குத் தெரியாது. அண்ணன் காலைல வந்ததும் பழுப்புக் குப்பியிலேர்ந்து கன்ட்ரோலை வெள்ளை பிளாஸ்டிக் கப்புல ஊத்தி, பிள்ளையார் படத்துக்கிட்ட வெச்சு, விபூதி போட்டுட்டுத்தான் மத்த வேலை பார்ப்பாராம். வழக்கமா பத்து நிமிஷம். நேத்து வார்டு ரவுண்டு ரத்தம் எடுக்கப் போனதுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு.

படம் ஜன்னல் திட்டுல இருக்கு. ஜன்னல் கிழக்குப் பார்த்தது.

பழைய நுண்ணோக்கி
திங்கள், பிற்பகல் 1.58

பிடித்துவிட்டாய்.

வெயிலைக் கண்டால் பிலிருபின் உடையும். நேர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் பாதி வரைக்கும்கூடப் போகும். சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் வெயில் ஒரு பொருட்டில்லை, அதனால்தான் மற்றதெல்லாம் சரியாக வந்தது. கரைக்கும்போது தண்ணீர் கூடியிருந்தால் எல்லாமே சேர்ந்து குறைந்திருக்கும். குறைந்தது பிலிருபின் மட்டும் என்று நீ எழுதின உடனே எனக்கு மூக்கில் வேர்த்தது. கம்பெனிக்காரன் அழகுக்காகவா பழுப்புக் கண்ணாடியில் அடைக்கிறான்?

நைட் சிஸ்டர்
திங்கள், மாலை 4.10

ஐயோ, இது எங்க கதையாச்சே! காமாலைக் குழந்தையை நீல விளக்குக்கு அடியில் போடுறோமே, அது வந்ததே இப்படித்தான். நர்சிங் வகுப்புல கேட்டது இன்னும் மறக்கல. இங்கிலாந்துல ராச்ஃபோர்டுன்னு ஒரு ஊர் ஆஸ்பத்திரி, 1956. வார்டு என்று ஒரு சிஸ்டர் (அவங்க பேரே வார்டு) குறைப்பிரசவக் குழந்தைங்களை வெயில்ல கொண்டுபோய் வைப்பாங்க. டாக்டருங்ககிட்ட ஒரு குழந்தையைக் காட்டினாங்க: உடம்பெல்லாம் மஞ்சள் போயிருக்கு, துணி மூடியிருந்த ஒரு முக்கோணம் மட்டும் மஞ்சளா இருக்கு. அதே ஆஸ்பத்திரி லேப்ல ஒரு ரத்தக் குழாயை வெயில்ல மறந்து வெச்சுட்டாங்க. பிலிருபின் பாதிக்கும் கீழ வந்துச்சாம். ரெண்டையும் சேர்த்து யோசிச்சு கிரேமர்னு ஒரு டாக்டரும் கூட ரெண்டு பேரும் 1958-ல எழுதினாங்க.

அவங்க ஜன்னல்ல மறந்து வெச்சது மாதிரியே உங்க அண்ணன் பிள்ளையார்கிட்ட மறந்து வெச்சிருக்கார்.

சிவமயம் 61
திங்கள், மாலை 4.36

என் பாட்டி காமாலைக் குழந்தையை இளவெயிலில் காட்டு என்று சொன்னது எந்த வருஷம் தெரியுமா? 1956-க்கு ரொம்ப முன்னால்.

நைட் சிஸ்டர்
திங்கள், மாலை 4.49

சொன்னாங்க ஐயா, தப்பில்ல. ஆனா எவ்வளவு மஞ்சளுக்கு எவ்வளவு வெயில்னு பாட்டி சொல்லல. அதை நம்பி வீட்லயே வெச்சிருந்து, பால் குடிக்காம துவண்டு போன பிறகு தூக்கிக்கிட்டு வர்ற குழந்தைங்களை நான் வாங்கியிருக்கேன். தயவுசெஞ்சு வெயிலை மருந்துன்னு இங்க எழுதாதீங்க. டெஸ்ட் எடுக்கணும், விளக்குல போடணும்.

சிவமயம் 61
திங்கள், மாலை 4.55

சரி அம்மா. அதை ஒத்துக்கொள்கிறேன்.

கறுப்புப் பேனா
திங்கள், மாலை 5.20

ஆக மொத்தத்தில்: சாமி படத்துக்கு முன்னால் வைத்ததால் கன்ட்ரோல் கெட்டது. கெட்டதைச் சரிசெய்யச் சாமிக்குப் பழம் அறுத்தார்கள். நோயும் அவரே, மருந்தும் அவரே, கட்டணம் ஒரு எலுமிச்சை. இதைவிடச் சுருக்கமாக மதத்தை என்னால் விளக்க முடியாது.

சிவமயம் 61
திங்கள், மாலை 5.41

பிள்ளையார் மேல் பழி போடாதீர்கள். கெடுத்தது ஞாயிறு, அதாவது சூரியன். நேற்று அவருக்கு வேலை நாள், வேலையைப் பார்த்திருக்கிறார். ஆடி ஞாயிற்றில் அவர் மட்டும் லீவா போடுவார்?

பழைய நுண்ணோக்கி
திங்கள், மாலை 6.02

இரண்டு பேரும் எழுதுவதைப் படித்துச் சிரித்து முடிந்தது. தம்பி, படத்தை மேற்குச் சுவருக்கு மாற்றச் சொல். மாற்ற மாட்டார், எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் கப்பை வெள்ளித்தாளில் சுற்றச் சொல். நேற்றைய 3.9-ஐயும் காரணத்தையும் கன்ட்ரோல் நோட்டில் எழுது. "வெயில்" என்று எழுது. ஒரு வார்த்தை போதும்.

ஞாயிறு டூட்டி
அடுத்த ஞாயிறு, காலை 8.15

இன்னிக்கு நானும் ஆறரைக்கே போயிட்டேன். நோட்டுல எழுதியாச்சு மேடம். "வெயில்"னு நான் எழுதினதுக்குக் கீழ அண்ணன் பச்சை மையில "பழம் – 1"ன்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்கார். அடிக்கச் சொன்னேன், நடந்ததைத்தானே எழுதினேன்கிறார்.

படம் அதே ஜன்னல்லதான். கப்பும் அதே இடத்துலதான். ஆனா டிபன் கட்டுற வெள்ளித்தாளை வீட்லேர்ந்து கொண்டாந்து நாலு மடிப்பு சுத்தியிருக்கார், தாள் மேல ஒரு சின்ன குங்குமப் பொட்டு. மூடியில, வெளிப்பக்கம், மெஷின் டாக்டர் சொன்ன மாதிரியே.

பிலிருபின் 4.7.